கடல் விட்டுப்போன ஊர்

பழையகாயலில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற பஸ்ஸில், உப்பளங்களைத் தாண்டி, தாமிரபரணியின் முக்காணிப் பாலத்துக்கு முன்னால் இறங்க வேண்டிய ஊர். இறங்கினால் சாலையோரக் கடைகள், வீடுகள், உடைமரங்கள். 2009-ல் திறக்கப்பட்ட அணுசக்தித் துறையின் ஸிர்கோனியம் ஆலை. கடலைக் காணோம். அது கிழக்கே, மணலுக்கும் கழிக்கும் அப்பால் இருக்கிறது. துறைமுகம் என்று சொல்ல ஒரு கல் கிடையாது, கோட்டைச் சுவர் கிடையாது, கலங்கரை விளக்கின் அடித்தளம் கிடையாது.

நம் பத்திரிகைகளில் பிரயாணக் கட்டுரை என்று ஒரு ஜாதி உண்டு. ஊர்ப் பெயர், போகும் வழி, காணத்தகுந்த இடங்கள், தங்கும் வசதி, முடிவில் ஒரு பெருமூச்சு. அந்த வகைக்கு இந்த ஊர் லாயக்கில்லை. ஆனால் உலகத்தின் மிகப் பிரபலமான பிரயாண நூலில் இந்த ஊருக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. பெருநகரம், சீர்மை மிக்க நகரம் என்ற பாராட்டோடு அது தொடங்குகிறது. அதைச் சொன்னவர் வெனிஸ்காரர். இந்த முரண்பாட்டை யோசித்துக்கொண்டுதான் அங்கே போனேன். திரும்பி வந்தபோது முரண்பாடு தீர்ந்துவிடவில்லை. அதன் ஒரு நுனி எங்கள் ஊர் மலையில் கட்டியிருப்பது தெரிந்தது.

மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கடல்வழியாகத் திரும்பியபோது, 1292-93 வாக்கில், நம் கடற்கரையைக் கடந்தார். 1295-ல் வெனிஸ் சேர்ந்தார். அப்புறம் ஜெனோவாக்காரர்களிடம் சிறைப்பட்டு, 1298-ல் உடன் இருந்த பைசா நகரத்து ருஸ்திக்கெல்லோவிடம் தாம் கண்டதையும் கேட்டதையும் சொல்ல, அவர் எழுதினார். அதில் 'காயில்' என்று வருகிற நகரம் ஐந்து சகோதர அரசர்களில் மூத்தவருடையது. அரசரின் பெயர் 'அஷார்' என்று விழுந்திருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியனைத்தான் இது குறிக்கிறது என்று கொள்கிறவர்கள் உண்டு. ஹொர்முஸ், கீஷ், ஏடன், அரபு நாடு என்று மேற்கேயிருந்து வரும் கப்பல்களெல்லாம் குதிரைகளோடும் மற்றச் சரக்குகளோடும் இந்தத் துறையைத் தொடுகின்றன. அரசருக்கு முந்நூறு மனைவியர். ஜனங்கள் எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறார்கள். சகோதரர்கள் சண்டைக்குக் கிளம்பினால் தாய் குறுக்கே வந்து நின்று, உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன் என்று கத்தியைக் காட்டுகிறாள்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டு வியப்பவர்கள் நம்மைச் சேராதவர்கள். நமக்கு அந்தத் தாயைத் தெரியும். சிறையில் உட்கார்ந்து, ஆண்டுகள் கழித்துச் சொல்லும்போதும், சுங்கக் கணக்கோடு இதையும் ஒருவர் நினைவில் வைத்திருந்தார் என்பது அந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு பிடிப்பை உண்டாக்கிற்று.

குதிரை விஷயத்தில் இன்னொரு சாட்சி பாரசீக சரித்திரக்காரர் வஸ்ஸாஃப். கீஷ் தீவின் ஜமாலுத்தீனுக்கும் பாண்டியனுக்கும் ஓர் ஒப்பந்தம்: ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 தீனார். வழியில் கடலில் செத்துப்போகிற குதிரைக்கும் விலை உண்டு. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராக இருந்து காயல் முதலான துறைகளைக் கவனித்தார். போலோ சொல்கிற கணக்கு இன்னும் பயங்கரம். அரசர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறு மிஞ்சுவதில்லை. லாடம் அடிக்க ஆள் இல்லை, பேணத் தெரியவில்லை, சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள். முத்தெடுக்க மூச்சடக்கியவர்களின் உழைப்பு, செத்துப்போகிற குதிரைகளாக மாறிக்கொண்டிருந்தது. பாண்டியப் பேரரசின் பொற்காலம் என்று பாடப் புத்தகம் சொல்வதற்குள் இந்த வியாபாரமும் அடக்கம்.

காயலைத் தேடிப் போன முதல் நவீன மனிதர் கால்டுவெல். 'ஒப்பிலக்கணம்' எழுதிய அதே இடையன்குடி பாதிரியார். கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டிப் பார்த்தார்; 1881-ல் வெளிவந்த திருநெல்வேலி சரித்திரத்தில் எழுதினார். ஆற்று முகத்துக்கு வடக்கே இரண்டு மூன்று மைல் தூரத்துக்கு, கரையிலிருந்து ஒன்றரை மைல் உள்ளேவரை, நிலம் பூராவும் உடைந்த ஓடுகள். பெரும்பாலும் சீனத்துப் பீங்கான். அரண்மனையோ கோபுரமோ அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது தட்டுமுட்டுகளின் சில்லுகள். ஒரு நகரத்தின் கடைசி மிச்சம் அதன் அடுக்களையிலிருந்து வந்தது. ஊர் அப்போதே சிறு கிராமமாகச் சுருங்கிவிட்டிருந்தது. துறையை ஆற்று மணல் தூர்த்துவிட்டது, ஊருக்கும் கடலுக்கும் நடுவே மணற்பரப்பு உண்டாகிவிட்டது என்று அவர் காரணமும் சொன்னார்.

போலோ கண்டது இந்தக் காயலா, பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் தெற்கே உள்ள காயல்பட்டினமா என்று ஒரு வழக்கு உண்டு. கால்டுவெல் பழையகாயலுக்குத் தீர்ப்புச் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர்கள் அதை ஏற்பதில்லை. அவர்களுக்குப் பழைய பள்ளிவாசல்களும் மீஸான் கற்களும் சாட்சி. இந்த வழக்கில் நான் கட்சி சேரப்போவதில்லை. கேள்வி கேட்கப்பட்ட விதத்தில்தான் ஏதோ பிசகு இருப்பதாகப் படுகிறது. நகரம் என்றால் ஒரு புள்ளி; அது நின்ற இடம் ஒன்று; அங்கே ஒரு கல்வெட்டுப் பலகை நடலாம் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறோம்.

காயல் என்பது உப்பங்கழி. ஆறும் கடலும் கலந்து தேங்குகிற நீர். அது ஊரின் பெயராவதற்கு முன்னால் ஒரு நிலையின் பெயர். முதலில் கொற்கை. கிரேக்கர்களின் ஏடுகளில் 'கொல்கி'. மன்னார் வளைகுடாவுக்கே அதன் பெயரைத்தான் அவர்கள் இட்டார்கள். அங்கே அகழ்ந்தெடுத்த கரி கி.மு. 785 என்று காலம் காட்டியது. இன்று அது கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயல் நடுவே, ஒரு குளக்கரை கிராமம். ஒரு வன்னிமரம், வெற்றிவேலம்மன் கோவில், நாணயச்சாலை இருந்ததாகச் சொல்லப்படும் அக்கசாலை. கொற்கையை ஆறு தூர்த்ததும் துறை கிழக்கே நகர்ந்து காயல் ஆயிற்று. காயலும் தூர்ந்ததும், ஆற்று முகத்தில் புன்னைக்காயல். அங்கே போர்த்துக்கீசியர் வந்தார்கள், அண்டிரிக் அடிகளார் தமிழ் படித்து இலக்கணம் எழுதினார். தெற்கே காயல்பட்டினம். கடைசியில் ஆற்றின் கை எட்டாத வடக்கே, தூத்துக்குடி. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே துறைமுகம் இடம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. கொற்கை வேறு, காயல் வேறு, தூத்துக்குடி வேறு என்று பிரித்துப் படித்ததால் நமக்கு அது மூன்று ஊர்களாகத் தெரிகிறது.

இங்கே வெனிஸை நினைக்காமலிருக்க முடியாது. அதுவும் காயலில் நிற்கிற ஊர். அதன் உப்பங்கழியிலும் ஆறுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. எதிரே என்ன நேரும் என்பதற்கு இத்தாலியிலேயே உதாரணங்கள் இருந்தன. ஏட்ரியாட்டிக் கடலுக்குப் பெயர் கொடுத்த ஆத்ரியா இன்று கடலுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே கிடக்கிறது. ரோமானியக் கடற்படையின் துறையாயிருந்த ரவென்னாவின் கிளாஸே வயலாயிற்று. ருஸ்திக்கெல்லோவின் பைசாவும் மெல்ல மெல்லக் கடலை இழந்தது. வெனிஸ்காரர்கள் பயந்தார்கள். பயந்து, பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டு முடிய, பிரென்டா, ஸீலே, பியாவே என்று ஆறுகளையே வெட்டித் திருப்பிக் கழிக்கு வெளியே கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். ஊர் தப்பியது.

நம்மிடம் அப்படி யாரும் ஆற்றைத் திருப்பவில்லை. திறமை இல்லாததால் என்று சொல்ல முடியாது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு ஆங்கிலேயர் வருவதற்கு முந்தியவை. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் அவர்கள் கட்டியது. ஆற்றை மறிக்கவும் திருப்பவும் நன்றாகவே தெரிந்த ஜனங்கள். ஆனால் திருப்பியது வயலுக்கு. துறையை மூடிய அதே வண்டல்தான் ஆத்தூர், ஏரல் பக்கத்து நெல்லும் வாழையும் வெற்றிலையும். போலோ பார்த்து வியந்த வெற்றிலைக்கும் அந்த மண்தான். பாண்டியனுடைய வரி பாதி கடலிலிருந்தும் பாதி சேற்றிலிருந்தும் வந்தபோது, சேற்றைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? இதை ஒரு ஞானமாக்கிப் பெருமைப்பட வேண்டாம். யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. ஊர் நகர்ந்தபோது சுமையைத் தூக்கியவர்கள் பரதவர்களும் மரக்காயர்களும். படகையும் வலையையும் சாமியையும் எடுத்துக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். வயல்காரன் நின்ற இடத்தில் நின்றான்.

இங்கேதான் எங்கள் ஊர் வருகிறது. கடையநல்லூர் கடலுக்கு நேர் எதிர்த் திசை. மேற்கே மலை சுவராக நிற்கிறது. தறிச் சத்தம் உண்டு, அலைச் சத்தம் கிடையாது. ஆனால் மலையடியில் இறங்குகிற கருப்பாநதியின் தண்ணீர் கடைசியில் சிற்றாற்றைச் சேர்கிறது. சிற்றாறு சீவலப்பேரியருகே தாமிரபரணியில் விழுகிறது. முக்கூடற்பள்ளு பிறந்த இடம். அப்புறம் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, கடைசியில் புன்னைக்காயல். ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் எங்கள் மலையிலிருந்து கலங்கி இறங்கிய செந்நீர்தான் போலோவின் நகரத்தை மூடியதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது. பழையகாயலில் நின்று ஒரு பிடி மணலை அள்ளியபோது, நான் ஓர் அந்நிய ஊருக்கு வந்திருப்பதாகத் தோன்றவில்லை. மலை எங்களிடம் குறைந்தது, இங்கே கூடியிருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சங்கடமான சமாச்சாரம் ஒன்று உண்டு. போலோவுக்கு நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து இன்னொரு வெனிஸ்காரர், கியோஜ்ஜா என்ற கடலோர ஊரில் பிறந்த நிக்கோலோ கோன்ட்டி, இந்தப் பக்கம் வந்தார். ஊர் திரும்பியபின் மதம் மாறியதற்கு மன்னிப்புக் கேட்டுப் போப்பிடம் போனார். போப்பின் செயலாளர் போஜ்ஜியோ அவர் சொன்னதை லத்தீனில் எழுதினார். காயலைப் பற்றி அவர் நினைவுகூர்ந்தது இரண்டு. ஒன்று முத்து. மற்றது ஒரு மரத்தின் இலை. ஆறு முழ நீளம். மடக்கினால் கைக்குள் அடங்கும். மழையில் மூன்று நான்கு பேர் அதன் கீழே போகலாம். காகிதத்துக்குப் பதிலாக அதில்தான் எழுதுகிறார்கள்.

அந்த இலையைப் பற்றி லத்தீனில் இருக்கிறது. அந்த இலையில் எழுதியது எங்கே? காயலின் சுங்கக் கணக்கு, கப்பல்காரனின் கடிதம், முத்து பங்கு பிரித்த ஓலை, குதிரை செத்ததற்கு ஒரு புலம்பல், எதுவும் நம் கைக்கு வரவில்லை. அந்த நகரத்தை நாம் அறிவது ஜெனோவாச் சிறையிலிருந்தும், பாரசீக அரண்மனையிலிருந்தும், ஒரு பாவமன்னிப்பிலிருந்தும், கடைசியில் ஓர் ஐரிஷ் மண்ணில் பிறந்த பாதிரியாரின் மண்வெட்டியிலிருந்தும். இதைச் சொல்லி மார்தட்டவும் முடியாது, மார்பில் அடித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஆனால் பழம்பெருமை பேசுகிறவர்கள், அந்தப் பெருமைக்கு எடுத்துக்காட்டுகிற வாக்குமூலம் யாருடையது என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

முற்றிலும் போய்விட்டது என்றும் சொல்வதற்கில்லை. கொற்கை முத்தைச் சொல்லும் மதுரைக்காஞ்சி, பத்துப்பாட்டில் ஒன்று. 1889-ல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, அவருக்குக் கைகொடுத்த ஏடுகள் ஆழ்வார்திருநகரியில் ஒரு கவிராயர் வீட்டில் கிடைத்தவை. அதே ஆற்றின் கரை. கொற்கையிலிருந்து சில மைல் மேலே. துறையைப் புதைத்த ஆறு, துறையைப் பாடிய பாட்டைத் தன் கரையிலேயே வைத்திருந்தது. பின்னால் காயல்பட்டினமும் எழுதாமலில்லை. அங்கே பிறந்த சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அரபியில் எழுதினார். காசிம் புலவர் நபிகள்மேல் திருப்புகழ் பாடினார். அரபு எழுத்தில் தமிழ் எழுதுகிற வழக்கம் கரை நெடுகிலும் இருந்தது. ஊரைப் பற்றி எழுதவில்லை, ஊரிலிருந்து எழுதினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கப்பலேறிச் சிங்கப்பூர் போய், 1946-ல் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கியபோது வைத்த பெயர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருடையது. தறிக்காரன் கடல் கடக்கையில் எடுத்துப்போன பெயர் ஒரு கடலோரத் தமிழ்ப் புலவனின் பெயர். துறைமுகம் இடம் மாறுவதுபோல, ஏதோ ஒன்று இப்படியும் இடம் மாறியிருக்கிறது.

ஆகவே காயலைப் பார்க்க விரும்புகிறவருக்கு நான் சொல்லக்கூடிய யோசனை, அதை ஓரிடமாகப் பார்க்க வேண்டாம் என்பதே. கொற்கைக் குளக்கரையில் தொடங்கிக் கிழக்கே வர வேண்டும். பழையகாயலில் ஓட்டாஞ்சில்லுகளைத் தேடிக் குனிந்தபடி நடக்க வேண்டும். புன்னைக்காயலில் ஆறு கடலுக்குள் போவதைப் பார்க்க வேண்டும். பிறகு காயல்பட்டினம் போய், பள்ளிவாசல்களையும், பெண்கள் வெளித்தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர விட்டிருக்கும் முடுக்குகளையும் காணலாம். முடுக்கில் நாம் நுழையக்கூடாது. தூரத்திலிருந்து அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். மாலையில் கடற்கரைக்கு வந்தால் ஊரே மணலில் உட்கார்ந்திருக்கும். நாற்பதாயிரம் பேர் வாழ்கிற ஊர். பார்க்க வருகிறவர்களுக்காக அது தன்னை அலங்கரித்துக்கொள்ளவில்லை.

வெனிஸின் கதை வேறு. ஆறுகளைத் திருப்பிக் காப்பாற்றிய அந்தப் பழைய நகரத்தில் 1951-ல் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் குடியிருந்தார்கள். 2022-ல் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். வண்டல் வராத கழி ஆழமாகிக்கொண்டு போகிறது, ஊர் அமிழ்கிறது. கடலைத் தடுக்க எழும்பும் இரும்புக் கதவுகளை 2020-ல் முதன்முதலாக மூடினார்கள். 2024-லிருந்து, பகலில் வந்து பார்த்துப் போகிறவர்கள் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். நகரம் நிற்கிறது, ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள். இங்கே ஜனங்கள் நகர்ந்து நகரத்தைக் கூடவே எடுத்துப்போனார்கள். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றுக்கு நினைவு மிஞ்சியது, மற்றதற்கு வாழ்க்கை.

ஆனால் அந்தப் பழைய ஏற்பாடு இனியும் நடக்குமா என்பது சந்தேகம். ஆறு இப்போது முன்போல மணல் கொண்டுவருவதில்லை. மலையில் அணைகள் மறிக்கின்றன. மறித்ததில் தப்பியதை லாரிகள் அள்ளின. தாமிரபரணியில் மணல் அள்ளக்கூடாதென்று 2010-ல் நீதிமன்றம் தடைபோட வேண்டி வந்தது. இரண்டாயிரம் ஆண்டு கடலைப் பின்னுக்குத் தள்ளிய ஆறு தளர்ந்துபோக, உப்புநீர் ஆற்றின் வழியே மேலே ஏறுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டது; ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோயிற்று, உள்ளேயிருந்தவர்கள் தண்ணீர் நடுவே காத்துக்கிடந்தார்கள். ஊர் இடம் மாறிக்கொள்ளலாம் என்றால், மாறிப்போக இப்போது காலி நிலம் எங்கே? வடக்கே உப்பளம், ஆலைகள், பின்னால் வயல், முன்னால் கடல்.

அந்த மழைக்கு அடுத்த மாதம் எங்கள் ஊருக்கு மேற்கே கருப்பாநதிப் பக்கம் போனேன். வெள்ளம் வடிந்து, பாறைகளுக்கு நடுவே புது மணல் படிந்திருந்தது. ஈரம் காயாத, பரலும் அப்ரகமும் கலந்த மணல். பழைய நாளாக இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, எத்தனையோ ஆண்டுகள் கழித்துப் புன்னைக்காயல் போய்ச் சேர்ந்திருக்கும். அணை அதற்குக் கீழேதான் இருக்கிறது.